டைம்ஷேர் வாங்கியவரும் சட்டம் தரும் சில நாட்களும்

டைம்ஷேர் என்பது, ஒரு விடுமுறை விடுதியை ஆண்டுதோறும் குறிப்பிட்ட சில நாட்கள் பயன்படுத்தும் உரிமையை விலைக்கு வாங்குவது. அது தொடர்பான சட்டங்களைப் படிக்கப் படிக்க ஒன்று தெளிவாகிறது. கையெழுத்திட்ட முதல் சில நாட்களில் வாங்கியவருக்குச் சட்டம் தரும் பலம் மிகப் பெரியது. அந்த நாட்கள் கடந்துவிட்டால் அதே சட்டம் பெரும்பாலும் கையை விரித்துவிடுகிறது. ஆனால் வாங்குபவர்களில் பலர் ஒப்பந்தத்திலிருந்து விலகும் இந்த உரிமையைப் பற்றிக் கேள்விப்படுவதே, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் இரண்டு மூன்று முறை உயர்ந்த பிறகுதான்.

இந்த விற்பனை நடக்கும் விதமே தனிச் சட்டங்கள் தேவைப்பட்டதற்குக் காரணம். பரிசுக் கூப்பன், இலவச விருந்து என்று அழைத்து, மணிக்கணக்கில் உட்காரவைத்து, “இந்த விலை இன்று மட்டும்தான்” என்று நெருக்கும்போது, ஒப்பந்தத்தை நிதானமாகப் படிக்க யாருக்கும் வாய்ப்பு இருப்பதில்லை. எனவே, படிக்கும் அவகாசத்தைக் கையெழுத்துக்குப் பிறகு தரும் ஏற்பாட்டைப் பல நாடுகள் செய்துள்ளன. ஐரோப்பிய ஒன்றியம் 1994-இல் குறைந்தது 10 நாட்கள் என்று வகுத்து, 2008-ஆம் ஆண்டின் புதிய நெறிமுறையில் அதை 14 நாட்களாக உயர்த்தியது. அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது: ஃபுளோரிடாவில் 10 நாட்கள், கலிஃபோர்னியாவில் 7, நெவாடாவில் 5. சிங்கப்பூரில் வார இறுதியும் பொது விடுமுறையும் நீங்கலாக 5 நாட்கள்.

நாட்களின் எண்ணிக்கையைவிட, அவை எப்போது தொடங்குகின்றன என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஃபுளோரிடா சட்டத்தின்படி, கையெழுத்திட்ட நாள், தரவேண்டிய ஆவணங்களில் கடைசி ஆவணம் கைக்கு வந்த நாள் ஆகிய இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்தே கணக்கு தொடங்கும். ஐரோப்பிய நெறிமுறை இன்னும் கண்டிப்பானது: விலகல் படிவத்தை விற்பனையாளர் நிரப்பி, வாங்குபவரிடம் தராவிட்டால், விலகும் உரிமை ஓர் ஆண்டும் 14 நாட்களும் வரை நீள்கிறது; திட்டத்தைப் பற்றிய கட்டாயத் தகவல்களைத் தராமல் விட்டிருந்தால் மூன்று மாதமும் 14 நாட்களும். விலகுவதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. இந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தாலும், இவ்விரு சட்டங்களின்படியும் அந்தத் தாள் செல்லாது.

ஆனால் விலகலை எழுத்தில்தான் தெரிவிக்க வேண்டும். விற்பனைப் பிரதிநிதியைத் தொலைபேசியில் அழைத்து “வேண்டாம்” என்று சொன்னால், அவர் கனிவாகப் பேசி, மேலாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நாளைக் கடத்துவார். கெடு முடிந்த மறுநாள் அந்தக் கனிவு இருக்காது. ஒப்பந்தத்தில் குறிப்பிட்டுள்ள முகவரிக்கு, குறிப்பிட்டுள்ள முறையில், அனுப்பிய தேதிக்குச் சான்று கிடைக்கும்படி அனுப்புவதே பாதுகாப்பு. ஐரோப்பிய நெறிமுறையிலும் ஃபுளோரிடாவிலும் கெடுவுக்குள் அனுப்பியிருந்தால் போதும். கடிதம் பிறகு போய்ச் சேர்ந்தாலும் செல்லும்.

பண விஷயத்தில் இரண்டு சட்டங்களும் வெவ்வேறு வழியில் செல்கின்றன. விலகல் காலம் முடியும்வரை முன்பணமோ உத்தரவாதமோ கடன் ஒப்புதல் பத்திரமோ வாங்குவதை ஐரோப்பிய நெறிமுறை தடை செய்கிறது. வாங்கியவர் விலகினால், அதற்காக விற்பனையாளரோ அவருடைய ஏற்பாட்டில் வேறொருவரோ கொடுத்த கடனும் தானாகவே ரத்தாகிவிடும். ஃபுளோரிடாவில் பணம் வாங்கலாம். ஆனால் அந்தப் 10 நாட்கள் முடியும் முன் உரிமைப் பத்திரத்தை வழங்கி விற்பனையை முடிக்கக் கூடாது. என் பார்வையில் ஐரோப்பிய வழியே சிறந்தது. பணம் கைமாறிய பின் அதைத் திரும்பப் பெறும் அலைச்சலுக்கு அங்கே இடமே இல்லை.

கெடு முடிந்தபின் நிலைமை தலைகீழாகிறது. “எப்போது வேண்டுமானாலும் விற்றுவிடலாம்” என்பது போன்ற வாய்மொழி வாக்குறுதிகளை வைத்து வழக்காடப் போனால், எதிர்த்தரப்பு ஒப்பந்தத்தின் ஒரு வரியைக் காட்டும்: “எழுத்தில் இல்லாத எந்த வாக்குறுதியையும் நம்பி நான் இதை வாங்கவில்லை.” பல ஒப்பந்தங்களில் அந்த வரிக்குப் பக்கத்திலேயே வாங்கியவரின் சுருக்கொப்பமும் இருக்கும். காலவரம்பே இல்லாத ஒப்பந்தங்கள் இன்னொரு சிக்கல். ஸ்பெயினின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய ஒப்பந்தங்கள் 3 முதல் 50 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும் என்றது. அதை மீறி நிரந்தரமாக எழுதப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015-இல் தீர்ப்பளித்தது. எல்லா நாட்டிலும் இப்படியொரு கதவு திறப்பதில்லை. இந்தியாவைப் போல் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லாத இடங்களில் பொதுவான நுகர்வோர் சட்டமே துணை. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நியாயமற்ற ஒப்பந்தங்களை எதிர்த்து மாநில நுகர்வோர் ஆணையத்தை அணுக இடமளிக்கிறது.

வெளியேற வழி தெரியாத உரிமையாளர்களைத்தான் மறுவிற்பனை மோசடிக்காரர்கள் தேடி வருகிறார்கள். வாங்க ஆள் தயார், வரியையும் பதிவுக் கட்டணத்தையும் மட்டும் முதலில் அனுப்புங்கள் என்பார்கள். மெக்ஸிகோவின் போதைப்பொருள் கும்பல் ஒன்றுடன் தொடர்புடைய இத்தகைய மோசடிக்காக, 2023-இல் அமெரிக்க நிதித்துறை பல நிறுவனங்கள்மீது தடை விதித்தது. ஐரோப்பிய நெறிமுறையின்படி, விற்பனை உண்மையில் நடந்து முடியும்வரை மறுவிற்பனை முகவர் எந்தப் பணமும் வாங்கக் கூடாது. இந்த ஒரு விதியை வைத்தே, வரும் அழைப்பு எப்படிப்பட்டது என்று எந்த நாட்டில் இருப்பவரும் கணித்துவிடலாம். ஒருமுறை பணம் அனுப்பி ஏமாந்தவரை, இழந்ததை மீட்டுத் தருவதாகச் சொல்லி, வழக்கறிஞர் என்றோ அரசு அதிகாரி என்றோ இன்னொருவர் அழைத்து மீண்டும் கட்டணம் கேட்பதும் இதே மோசடியின் அடுத்த கட்டம்தான்.