மதர்போர்டு மாற்றிய நோடை ஸ்லர்மில் திரும்பச் சேர்த்த கதை

எங்கள் கிளஸ்டரில் (சேர்ந்து வேலை செய்யும் கணினிக் கூட்டம்) ஒரு கணினியான நோடு 37 ஒருவழியாக இன்று காலை ஜாப் கியூவுக்குத் திரும்பிவிட்டது. ஒதுக்கி வைக்க ஒரு கட்டளை போதும். திரும்பச் சேர்க்க ஒன்பது நாள் ஆனது. கியூவில் உள்ள ஜாப்களை நோடுகளுக்குப் பங்கிடும் மென்பொருளான ஸ்லர்மை ஓட்டுபவர்களுக்குப் பயன்படட்டும் என்று, இடறிய இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதல் இடறல் எங்கள் பக்கம்தான். கெர்னல் லாகில் ஈசிசி பிழைகள் (ரேமில் தரவு பிசகியதைக் காட்டுபவை) கூடிக்கொண்டே போய், ஒரு நடுராத்திரி நோடு உறைந்தது. 300 நொடி பதில் இல்லை என்றதும் ஸ்லர்ம் அதை டவுன் ஆக்கியது. பிஎம்சி (நோடைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் தனிச் சிப்) வழியாக ரீசெட் கொடுத்துவிட்டுத் தூங்கப் போனோம். எங்கள் கான்ஃபிக்கில் ரிட்டர்ன்-டு-சர்வீஸ் மதிப்பு 1. பதில் சொல்லாததால் டவுன் ஆன நோடு, பூட் ஆகிப் பதிவு செய்ததும் யாரையும் கேட்காமல் வேலைக்கு வந்துவிடும். வந்தது. அதில் விழுந்த ஜாப் எல்லாம் சில நொடியில் செத்தன. நோடு காலியாக இருக்கிறதே என்று ஸ்லர்ம் அடுத்ததை அனுப்பியது. விடிவதற்குள் பாதி கியூ காலி.

ஆகவே ரீசெட்டுக்கு முன்பே ட்ரெயின் (drain, புது ஜாப் எதுவும் வராமல் நோடை ஒதுக்கி வைக்கும் கொடி) போடுங்கள். அந்தக் கொடி ரீபூட் ஆனாலும் போகாது, கையால் ரெஸ்யூம் (திரும்பச் சேர்க்கும் கட்டளை) கொடுத்தால்தான் போகும். ட்ரெயினுக்குக் காரணம் எழுதுவது கட்டாயம். அதில் 'ஹார்டுவேர்' என்று ஒற்றைச் சொல் எழுதுவது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வது. எந்த ஸ்லாட், என்ன பிழை, புகார் எண் என்ன என்று எழுதுங்கள். அடுத்த ஷிஃப்ட்டில் வருபவர் ரெஸ்யூம் கொடுக்காமல் தடுப்பது அந்த ஒரு வரிதான்.

சர்வீஸ் இன்ஜினியர் மூன்றாம் நாள் வந்தார், கையில் ஒரே ஒரு 16 ஜிபி ரேம். மாற்றினார், போனார். மறுநாள் அதே ஸ்லாட்டில் அதே பிழை. இதை நாங்களே முன்கூட்டிக் கண்டுபிடித்திருக்கலாம். சந்தேகப்படும் ரேமைப் பக்கத்து ஸ்லாட்டில் இருப்பதோடு இடம் மாற்றிப் போடுங்கள். பிழை ரேமோடு நகர்ந்தால் ரேம் பழுது. ஸ்லாட்டிலேயே நின்றால் போர்டோ, சாக்கெட் பின்னோ, சிபியுவோ. இரண்டு லாகையும் புகாரோடு இணைத்தால் ஒரு வீண் பயணம் மிச்சம். இரண்டாம் முறை போர்டு வந்தது, தெர்மல் பேஸ்ட் வரவில்லை. அதற்கு இன்னொரு நாள்.

நோடுகளை அதிவேகமாக இணைக்கும் இன்ஃபினிபேண்ட் கார்டு பழையதே என்பதால் அந்தப் பக்கம் தொல்லையில்லை. மற்றதெல்லாம் புதுப் போர்டுக்குப் புதுசு. நெட்வொர்க் போர்ட்டின் அடையாள எண்ணான மேக் முகவரி மாறிவிட்டதால், ஐபி முகவரி தரும் டிஎச்சிபி அதை அடையாளம் காணவில்லை, நெட்வொர்க் பூட் நின்றது. பிஎம்சிக்கும் தனி மேக் உண்டு. டிஎச்சிபியில் அதையும் மாற்றி, ஃபேக்டரி பாஸ்வேர்டையும் உடனே மாற்றுங்கள்.

பூட் ஆன பிறகும் நோடு பதிவாகவில்லை. மஞ்ச் (நோடுகள் ஒன்றையொன்று நம்பச் சான்று தரும் சேவை) தந்த சான்று செல்லாது என்று லாக் சொன்னது. போர்டின் கடிகாரம் பல மாதம் பின்னால் இருந்தது. மஞ்ச் சான்றின் ஆயுள் இயல்பாக 300 நொடிதான். நேரத்தைச் சரிசெய்து, ஹார்டுவேர் கடிகாரத்திலும் எழுதிய பிறகே மஞ்சையும், நோடில் ஓடும் ஸ்லர்ம் சேவையான ஸ்லர்ம்டியையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அடுத்து 'லோ ரியல்மெமரி' (கான்ஃபிக்கில் எழுதியதைவிட ரேம் குறைவு) என்று ஸ்லர்மே ட்ரெயின் போட்டது. ரேம் பன்னிரண்டும் இருந்தன. புதுப் போர்டின் பயாஸ் (பூட் ஆகும்போது முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) பதிப்பு வேறு, கூடுதலாகச் சில எம்பியைத் தனக்கு எடுத்துக்கொண்டது. கான்ஃபிக்கில் கடைசி எம்பிவரை எழுதி வைத்தது எங்கள் கஞ்சத்தனம். சில நூறு எம்பி குறைத்தே எழுதுங்கள். ஆனால் 16,000 எம்பி அளவுக்குக் குறைந்தால் மதிப்பைத் தொடாதீர்கள். ஒரு ரேமை பயாஸ் சத்தமில்லாமல் ஒதுக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

ஆகப் பெரிய ஆபத்து, எந்தப் பிழையும் காட்டாதது. புதுப் போர்டில் ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோரை இரண்டாகக் காட்டும் வசதி) இயல்பாகவே ஆன். 48 கோர் இருந்த இடத்தில் 96 தெரிந்தது. கான்ஃபிக்கில் உள்ளதைவிடக் கூடுதலாக இருந்தால் ஸ்லர்ம் நோடுக்கு ட்ரெயின் போடாது. பவர் ப்ரொஃபைலும் மாறியிருந்தது. இப்படி ஒரு நோடு 16 நோடு எம்பிஐ ஜாபில் (பல நோடுகள் பேசிக்கொண்டு சேர்ந்து செய்யும் வேலை) சேர்ந்தால் மற்ற பதினைந்தும் அதற்காகக் காத்துக் கிடக்கும். பயனர் தன் கோடில்தான் தப்பு என்று நினைத்துக்கொள்வார்.

இதனால் நேராக ரெஸ்யூம் கொடுக்கவில்லை. நோடை நிர்வாகிகள் மட்டும் பயன்படுத்தும்படி ஒரு ரிசர்வேஷன் போட்டு, அதற்குள் ரெஸ்யூம் கொடுத்தோம். ரேம் வேகத்தை அளக்கும் ஸ்ட்ரீம், கணக்கிடும் வேகத்தை அளக்கும் ஒற்றை நோடு லின்பேக், ஒரு இரவு முழுக்க ரேம் சோதனை. எண்களைப் பக்கத்து நோடோடு ஒப்பிட்டோம். முதல் தடவை ஸ்ட்ரீம் 5 சதவீதத்துக்கும் மேல் குறைவு, பயாஸ் அமைப்பைப் பக்கத்து நோடிலிருந்து அப்படியே ஏற்றியதும் சமமானது. இன்ஃபினிபேண்ட் லிங்க் முழு அகலத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ரிசர்வேஷனை நீக்கினோம். பத்தே நிமிடத்தில் ஒரு ஜாப் ஏறிவிட்டது.