பிரான்சில் முதலில் பொன்ஜூர், பிறகுதான் மற்றதெல்லாம்

பாரிஸ்காரர்களுக்குத் திமிர் அதிகம் என்று போய்வந்தவர்கள் பலர் சொல்வார்கள். கடையில் முகம் கொடுத்துப் பேசவில்லை, ரெஸ்டாரண்டில் சர்வர் கண்டுகொள்ளவே இல்லை என்பார்கள். விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றுதான் நடந்திருக்கும்: போனவர் ‘பொன்ஜூர்’, அதாவது வணக்கம், சொல்லாமல் நேரே விஷயத்துக்கு வந்திருப்பார்.

அங்கே சின்னக் கடைக்குள் போவதென்றால் கடைக்காரரின் இடத்துக்குள் போவது. காசு கொடுப்பவர் என்பதற்காக உங்களுக்குத் தனி மரியாதை எதுவும் இல்லை. வாசலைத் தாண்டியதும் காதில் விழும்படி ‘பொன்ஜூர், மதாம்’ (பெண் என்றால்) அல்லது ‘பொன்ஜூர், முஸ்யே’ (ஆண் என்றால்) சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அவர் திருப்பிச் சொல்லும்வரை பொறுக்க வேண்டும். நம்மவர்கள் தவறவிடுவது இதைத்தான். பொன்ஜூரையும் ‘இது என்ன விலை’யையும் ஒரே மூச்சில் கொட்டினால் சொன்ன கணக்கில் சேராது. ஆங்கிலத்தில் பேசலாமா என்று கேட்பதும் இந்தப் பரிமாற்றம் முடிந்த பிறகே. இந்த வரிசையில் போனால், ஆங்கிலம் தெரியாது என்று முதலில் சொன்னவரே பல நேரம் தட்டுத்தடுமாறியாவது உதவுவார்.

பேருந்து ஓட்டுநர், மருந்துக்கடை, லிஃப்ட், டாக்டரின் காத்திருப்பு அறை, சூப்பர்மார்க்கெட்டில் பில் போடுபவர் என எல்லா இடத்திலும் சொல்ல வேண்டும். மெட்ரோ பெட்டியிலும் பாரிஸ் தெருவில் எதிரே வருபவரிடமும் வேண்டாம், விசித்திரமாகப் பார்ப்பார்கள். மாலை 6 மணி வாக்கில் அது ‘பொன்சுவார்’ ஆகிவிடும். ஒன்றும் வாங்காமல் வெளியேறினாலும் ‘மெர்சி, ஓ ருவ்வார்’ (நன்றி, போய்வருகிறேன்) உண்டு. அதே ஆளை அன்றே மறுபடி பார்த்தால் இன்னொரு பொன்ஜூர் சொல்லாதீர்கள். காலையில் பார்த்ததை மறந்துவிட்டீர்கள் என்று ஆகிவிடும். ‘ரெபொன்ஜூர்’ என்றோ ஒரு தலையசைப்போ போதும்.

நீ, நீங்கள் வித்தியாசம் நமக்குப் பழக்கமானதுதான். ஆனால் நம் கணக்கு அங்கே செல்லாது. வயதில் சின்னவன், ஓட்டலில் வேலை செய்கிறவன் என்றால் ‘நீ’ போடுகிற வழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட வேண்டும். அறிமுகமில்லாத, வயதுவந்த எல்லோரும், துப்புரவுத் தொழிலாளி உட்பட, ‘வூ’ (நீங்கள்)தான். ‘த்யு’வுக்கு (நீ) மாறலாம் என்று மூத்தவரோ பதவியில் உயர்ந்தவரோ சொல்லட்டும். சர்வரை ‘கார்சோன்’ (பையா) என்று கூப்பிடுவது பழைய காலத்தோடு போயிற்று. விரலைச் சொடுக்கவே கூடாது. கண்ணைப் பார்த்து ‘சில் வூ ப்ளே’ (தயவுசெய்து) என்றால் வருவார்.

சாப்பாட்டுக்கு நேரம் முக்கியம். மதியம் 12 முதல் 2 வரை, இரவு 7 அல்லது 7.30க்கு மேல். இடையில் பல சமையலறைகள் மூடியிருக்கும். 3 மணிக்குப் பசித்தால் நாள் முழுக்கத் திறந்திருக்கும் பிராசெரிகளைத் தேட வேண்டும். காலி மேசை கண்ணில் பட்டாலும் நீங்களாகப் போய் உட்காராதீர்கள். ‘மெனு’ கேட்டால் குறிப்பிட்ட விலைக்கான சாப்பாட்டுத் தொகுப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். பட்டியல் வேண்டுமென்றால் ‘கார்ட்’ கேளுங்கள். வெறுமனே தண்ணீர் கேட்டால் காசு போட்ட பாட்டில் வரக்கூடும், ‘கராஃப் தோ’ என்றால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். ரொட்டியும் இலவசம், அதைத் தட்டின் ஓரத்தில் அல்ல, மேசைமேலேயே வைப்பார்கள். கைகளை மடியில் ஒளித்துவைக்கக் கூடாது, மணிக்கட்டு மேசை விளிம்பில் இருக்கட்டும்.

சைவக்காரர்கள் ‘வெஜிடேரியன்’ என்ற ஒற்றைச் சொல்லை நம்ப வேண்டாம். மீன் சாப்பிடுவீர்கள் என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. ‘சான் வியாந்த், சான் புவாசோன்’ (இறைச்சியும் மீனும் இல்லாமல்) என்று பிரித்துச் சொல்லுங்கள். வெங்காய சூப்பில் பெரும்பாலும் மாட்டிறைச்சிச் சாறு இருக்கும். சில சாலட்களிலும், முட்டையும் க்ரீமும் ஊற்றிச் சுடும் கீஷ் லொரேனிலும் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும்.

சாப்பிட்டு முடித்து அரை மணி ஆனாலும் பில் வராது. கேட்காமல் கொண்டுவந்து வைத்தால் எழுந்து போகச் சொல்வதுபோல் ஆகிவிடும் என்பதுதான் காரணம். ‘லதிசியோன், சில் வூ ப்ளே’ என்று நீங்கள்தான் கேட்க வேண்டும். 1987 முதல் பட்டியல் விலையிலேயே சேவைக் கட்டணம் அடக்கம். மனம் நிறைந்தால் ஒன்றிரண்டு யூரோ நாணயம் வைத்துவிட்டு வரலாம். அமெரிக்கர்கள்போல் 20 சதவீதம் கணக்குப் போட வேண்டியதில்லை.

சந்தையில் பழத்தை அமுக்கிப் பார்த்தால் வசவு நிச்சயம். இன்று இரவுக்கா நாளைக்கா என்று சொன்னால் முலாம்பழத்தைப் பதம் பார்த்துக் கடைக்காரரே எடுத்துத் தருவார், அவர் கை உங்கள் கையைவிடத் தேர்ந்தது. ரொட்டிக் கடையில் சாதாரண நீள ரொட்டியான ‘பகெத்’துக்குப் பதில் ‘ட்ரடிசியோன்’ கேட்டு வாங்குங்கள். அதை மாவு உறையவைக்கப்படாமல், கூடுதல் ரசாயனங்கள் இல்லாமல் செய்திருக்க வேண்டும் என்று 1993ஆம் ஆண்டின் அரசாணை சொல்கிறது. சில சென்ட் கூடத்தான் ஆகும், கொடுக்கலாம்.

வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தால் 8 மணி என்றால் 8.10, 8.15க்குப் போங்கள். முன்னாடியே போய் நிற்பதுதான் தொல்லை. பூ கொண்டுபோகலாம், சாமந்தி மட்டும் கூடாது. நம் பூஜைப்பூ அங்கே நவம்பர் 1ஐ ஒட்டிக் கல்லறைகளில் வைக்கிற பூ. ஒயின் கொண்டுபோனால் அன்றே திறப்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். சமையலுக்கு ஏற்ற ஒயினை அவர்கள் முன்பே தேர்ந்து வைத்திருப்பார்கள். கோப்பையை உயர்த்தும்போது எதிரே இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். பாலாடைக்கட்டித் தட்டு இனிப்புக்கு முன்பே வரும், ஒரே ஒரு சுற்று. முக்கோணத் துண்டின் கூர்நுனியை வெட்டி எடுத்துக்கொள்வது அநாகரிகம். நடுப்பகுதியின் ருசி முழுக்க அங்கேதான், நீளவாக்கில் வெட்டினால் எல்லோருக்கும் பங்கு கிடைக்கும்.

கன்னத்தோடு கன்னம் வைக்கும் ‘பீஸ்’ பாரிசில் பொதுவாக இரண்டு, தெற்கே மோன்பெலியே நகரத்துப் பக்கம் மூன்று. எந்தக் கன்னம் முதலில் என்பதில் அவர்களுக்கே குழப்பம். நீங்களாக ஆரம்பிக்காமல், அவர்கள் குனிந்தால் கூடவே குனியுங்கள். விருப்பமில்லையென்றால் முதலிலேயே கையை நீட்டிவிடுங்கள். 2020 தொற்றுக்குப் பிறகு அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.