இருக்கிற கால்

மூண்டு மாசமா இதை எழுதோணும் எண்டு நினைச்சு நினைச்சு விட்டுப்போட்டன். ஆரிட்டையும் வாயாலை சொன்னால் "உம்மிலை பிழை இல்லைத் தம்பி" எண்டுதான் சொல்லுகினம், அதைக் கேக்கக் கேக்க எனக்கு இன்னும் ஒரு மாதிரிக் கிடக்கு.

ஆக்களை நடக்க வைச்சு, சாப்பாட்டை ஒழுங்குபடுத்திறதுதான் என்ரை வேலை. ஐயாவோடை தொடங்கி ஏழாம் கிழமை, புதன்கிழமை, காலமை ஆறே முக்கால் இருக்கும். குளக்கட்டிலை ஒரு பக்கம் நடந்து முடிச்சு மருதமரத்துக்குக் கீழை நிண்டு தண்ணி குடிச்சனாங்கள். நான் எல்லாரிட்டையும் கேக்கிற மாதிரித்தான் கேட்டன். "கால் கீல் நோகுதே ஐயா?" அவர் சிரிச்சுக்கொண்டு சொன்னார், "இல்லாத கால்தான் தம்பி நோகுது, இருக்கிற கால் ஒண்டும் தெரியேல்ல."

நானும் சிரிச்சன். சிரிச்சுப்போட்டு போனை எடுத்து அண்டைய குறிப்பிலை 'நோ இல்லை, நல்லம்' எண்டு எழுதினன். அந்தக் குறிப்பு இன்னும் போனிலை கிடக்கு, நான் அழிக்கேல்ல.

ஐயாவுக்கு 63 வயசு, சீனி வருத்தம் வந்து 14 வருசம். மீள்குடியேறி வந்து காணி துப்பரவாக்கேக்கை மிதிவெடியிலை இடது கால் முழங்காலுக்குக் கீழை போனது. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்திலை செய்து குடுத்த பொய்க்காலோடைதான் இவ்வளவு காலமும் வயல், சந்தை எல்லாம். பேந்து மகன் வயலைப் பொறுப்பெடுக்க இவர் விறாந்தைக் கதிரையிலை இருந்திட்டார். இருந்தது நாலு வருசம். மகள் கனடாவிலை. அவதான் என்னை வட்ஸ்அப்பிலை பிடிச்சவ, "தம்பி, அப்பாவை எழுப்பி நடக்க வையுங்கோ, காசைப் பற்றி யோசிக்காதேங்கோ" எண்டு. கைக்குக் கட்டுற ஸ்டெப் எண்ணுற வோச் ஒண்டும் அனுப்பினவ, அதின்ரை கணக்கு அவவின்ரை போனிலையும் என்ரை போனிலையும் விழும். பின்னேரம் பின்னேரம் நான் ஸ்கிரீன்ஷொட் அனுப்போணும், அவ இதயம் போட்டு அனுப்புவா. எங்கடை பக்கம் இப்ப என்னட்டை வாற ஆக்களிலை முக்கால்வாசி இப்பிடித்தான், உடம்பு இஞ்சை, காசு வெளிநாட்டிலை.

நான் கவலையீனமாத் தொடங்கினதெண்டு ஒருத்தரும் நினைக்கக்கூடாது. சோத்தைக் குறைக்க முதல் கிளினிக் கொப்பியை வாங்கிப் பாத்தனான். மெட்ஃபோர்மினோடை கிளிக்கிளசைட்டும் இருந்தது. மெட்ஃபோர்மின் மட்டுமெண்டால் பெரிய பயமில்லை, கிளிக்கிளசைட் போடுற ஆள் திடீரெண்டு சாப்பாட்டைக் குறைச்சால் சீனி கீழை விழுந்து மயங்கி விழலாம், அதாலை அவரைக் கூட்டிக்கொண்டு போய் டொக்டரோடை கதைச்சு, குளிசையின்ரை அளவைக் குறைப்பிச்சுப்போட்டுத்தான் சாப்பாட்டிலை கை வைச்சனான். ஒரு நாளைக்கு ஆறு பிளேன்ரீ, ஒவ்வொண்டுக்கும் மூண்டு கரண்டி சீனி, அதை நிப்பாட்ட பனங்கட்டி கடிக்கத் தொடங்கினார், பனங்கட்டி சீனியைக் கூட்டாதெண்டு எங்கடை சனத்துக்கு ஒரு நம்பிக்கை, அதையும் சொல்லிச் சொல்லி விடுவிச்சன். இரவுப் புட்டு அரைவாசியாகி மற்றப் பாதிக்கு முருங்கையிலை வறையும் மீனும். பொக்கற்றிலை எப்பவும் குளுக்கோஸ் பக்கெற் வைச்சிருந்தன். நெஞ்சு நோ, மூச்சு வாங்குறது, தலைச்சுத்து எல்லாம் ஒவ்வொரு நாளும் கேட்டன்.

கேட்டதெல்லாம் எனக்குக் கோர்ஸிலை படிப்பிச்சது. புது ஆள் வந்தால் நிரப்புற படிவத்திலை ஏழு கேள்வி இருக்கும், இருதயம், நெஞ்சு நோ, மயக்கம், எலும்பு மூட்டு, பிரசர் குளிசை எண்டு போகும். உங்கடை காலுக்கு உணர்ச்சி இருக்கோ எண்டு அதிலை ஒரு கேள்வி இல்லை. இதை நான் சாட்டாச் சொல்லுறனோ எண்டு எனக்கே தெரியேல்ல. கேள்வி இல்லைத்தான், ஆனால் ஆள் கேக்காமலே பதிலைச் சொன்னவர் எல்லே.

கணக்குகளைப் பாத்தால் அந்தக் கிழமைகள் என்ரை தொழிலிலையே நல்ல கிழமைகள். தொடக்கத்திலை நாளுக்கு 2,100 ஸ்டெப், ஏழாம் கிழமை 6,400. வெறும் வயித்திலை 214 இருந்த சீனி 138க்கு வந்தது. நிறை 81 கிலோவிலை இருந்து 76. ஐயாவின்ரை மனுசி, அம்மா, எனக்குத் தோட்டத்துக் கத்தரிக்காய் பை நிறையத் தந்து விட்டவ, "மனுசன் இப்ப என்னோடை கதைக்கிறார்" எண்டு சொன்னவ. இந்த வசனத்துக்காகத்தான் நான் இந்த வேலைக்கு வந்தனான் எண்டு அண்டைக்கு மோட்டச்சைக்கிளிலை பரந்தன் வரைக்கும் நினைச்சுக்கொண்டு வந்தனான்.

பிறகு வைகாசிப் பொங்கல். வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நாலு வருசமாப் போகாத மனுசன் இந்த முறை போகப்போறன் எண்டு நிண்டார், நடக்க ஏலும் தானே. போனார். அந்த வெயிலிலை, அந்த மணலிலை, செருப்பில்லாமல். அம்மாளாச்சியிட்டை ஆர் செருப்போடை போறது? ஜெய்ப்பூர் காலும் அதுக்கேத்த கால்தான், செருப்பில்லாமல் நடக்க, குந்தி இருக்க, சேத்துக்குள்ளை இறங்க எண்டு எங்கடை ஆக்கள் மாதிரி ஆக்களுக்காகவே செய்தது. பொய்க்காலுக்கு அந்த மணல் ஒண்டும் செய்யாது.

பொங்கல் முடிஞ்சு எட்டாம் நாள் அம்மா விறாந்தை கூட்டேக்கை சீமெந்திலை சிவப்பாப் பொட்டுப் பொட்டாக் கண்டிருக்கிறா. மீன் கழுவின தண்ணியாக்கும் எண்டு துடைச்சிருக்கிறா. அடுத்த நாளும் இருந்திருக்கு, கதிரையடியிலை இருந்து வாசல் வரைக்கும் ஒரு வரிசையா. அப்பதான் வலது காலைத் தூக்கிப் பாத்திருக்கினம். பெருவிரலுக்குக் கீழை புண், உள்ளுக்குச் சீழ். அந்தப் புண்ணோடை எட்டு நாள் என்னோடை குளக்கட்டிலை நடந்திருக்கிறார். நான் பக்கத்திலை நடந்தனான். ஆறாயிரத்துக்கு மேலை, ஒவ்வொரு நாளும், ஸ்கிரீன்ஷொட்டோடை.

பெருவிரலையும் பக்கத்து விரலையும் எடுத்திட்டினம்.

ஆஸ்பத்திரிக்கு என்ன வாங்கிக்கொண்டு போறதெண்டே தெரியேல்ல, கடைசியா நாலு கொய்யாப்பழம். கட்டிலுக்குப் பக்கத்திலை பொய்க்கால் சுவரோடை சாத்திக் கிடந்தது. கேக்கக் கூடாதெண்டு நினைச்சுக்கொண்டுதான் போனனான், ஆனால் கேட்டுப்போட்டன்.

"ஐயா, அண்டைக்கு ஒண்டும் தெரியேல்ல எண்டு சொன்னனீங்கள், அது எப்ப இருந்து?"

"அது ரெண்டு மூண்டு வருசமா அப்பிடித்தானே. பஞ்சுக்கு மேலை நிக்கிற மாதிரி."

"எனக்குச் சொல்லேல்லையே."

"சொன்னனே தம்பி."

குரலிலை கோவம் இல்லை. கோவம் இருந்திருந்தால் எனக்கு லேசு. சொன்னவர் தான். பகிடி எண்டு நான் எடுத்தன். அவர் சிரிச்சது பகிடிக்கா, இல்லாட்டி எங்கடை ஆக்கள் வருத்தத்தைச் சொல்லேக்கை சிரிக்கிற சிரிப்பா எண்டு இப்ப யோசிக்கிறன். ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். இஞ்சையே பிறந்து வளந்த எனக்கு அது தெரியாமல் போச்சே.

அவர் சொன்ன ரெண்டும் மெய். வெட்டின கால் நோகும், இல்லாத விரலிலை நெருப்பு எரியிற மாதிரி இருக்கும், மூளைக்கு அந்தக் கால் போன கணக்கு இன்னும் வரேல்ல எண்டு வைச்சுக்கொள்ளலாம். சீனி வருத்தம் கன காலம் இருந்தால் இருக்கிற காலின்ரை நரம்பு செத்துப்போகும், நுனியிலை இருந்து மேலை. வேர்வை குறைஞ்சு தோல் காஞ்சு வெடிக்கும், கல்லுக் குத்தினாலும் சூடு பட்டாலும் தெரியாது. ஒரு கால் இல்லாத ஆளுக்கு மற்றக் காலிலை பாரம் இன்னும் கூட. இந்த மூண்டும் எனக்குத் தனித்தனியாத் தெரியும். தனித்தனியாத் தெரிஞ்சு என்ன பிரயோசனம்.

அதுக்குப் பிறகு நான் வாசிச்ச அளவுக்குக் கோர்ஸிலையும் வாசிக்கேல்ல. 10 கிராம் பாரத்திலை வளையிற நைலோன் நூலாலை உள்ளங்காலைத் தொட்டுப் பாக்கிற சோதனை இருக்கு. அதுவும் இல்லாமல் இப்ஸ்விச் தொடுகை எண்டு ஒண்டு, கண்ணை மூடச் சொல்லிப்போட்டு ரெண்டு காலிலையும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை எங்கடை விரலாலை மெல்ல ஒண்டு ரெண்டு செக்கன் தொடுறது, ஆறு விரலிலை ரெண்டு தெரியேல்ல எண்டால் கவனம். ஒரு சதம் செலவில்லை. ஒரு நிமிசம். நான் அதைச் செய்யாததுக்கு எனக்குத் தெரியாதெண்டது ஒரு காரணம், ஆனால் இன்னொண்டும் இருக்கு. வயசான மனுசனைச் செருப்பைக் கழட்டுங்கோ, காலைக் காட்டுங்கோ எண்டு கேக்க எனக்குக் கூச்சம். அதுவும் ஒரு கால் உள்ள மனுசனிட்டை. மரியாதை எண்டு நான் நினைச்சு விட்ட இடத்திலைதான் புண் இருந்தது.

சில நாள் இரவிலை என்ரை பக்கத்து நியாயத்தை எடுத்து அடுக்குவன். கிளினிக் கொப்பியிலையும் நடக்கச் சொல்லித்தான் எழுதியிருந்தது. உணர்ச்சி குறைஞ்ச காலுள்ள ஆக்களும் மிதமா நடக்கலாம், அதாலை புண் கூடுறேல்ல எண்டுதான் அமெரிக்க நீரிழிவுச் சங்கமே இப்ப சொல்லுது. அதை வாசிச்ச அண்டைக்கு நல்லா நித்திரை கொண்டன். அடுத்த நாள் திருப்பி வாசிச்சால் பொருத்தமான சப்பாத்து போட்டு, ஒவ்வொரு நாளும் காலைச் சோதிச்சு எண்டும் அதிலை கிடக்கு. ஐயா நடந்தது றப்பர் செருப்போடை, கிரவல் றோட்டிலை. கோயில் மணல்தான் சுட்டது, என்ரை நடை இல்லை எண்டும் சொல்லிப் பாக்கிறன். டொக்டரும் சூடு பட்ட கொப்புளமாத்தான் தொடங்கியிருக்கும் எண்டார். ஆனால் கொப்புளத்தைப் புண்ணாக்கினது பிறகு நடந்த எட்டு நாள், அதோடை நான் இல்லாட்டி அவர் கோயிலுக்கே போயிருக்க மாட்டார், அதையும் அவரே சொன்னவர். "நீர் வராட்டி நான் இந்த முறையும் அம்மாளைப் பாத்திருக்க மாட்டன்." அதை நன்றியாச் சொன்னாரோ வேறை என்னவாச் சொன்னாரோ, எனக்குப் பிரிக்கத் தெரியேல்ல. ஏற்கெனவே ஒருக்காப் பிழையா விளங்கினவன்.

கோர்ஸிலை எங்களுக்குப் பாடமாக்கித் தந்தது 58 வீதம். 2002இலை வந்த அமெரிக்க ஆய்வு, சாப்பாடும் கிழமைக்கு 150 நிமிச நடையும் சேந்து நீரிழிவு வாறதை 58 வீதம் குறைச்சது, அதிலை மெட்ஃபோர்மின் 31 தான். இந்தியாவிலை 2006இலை வந்ததிலை வாழ்க்கைமுறை மாற்றத்துக்கு 28.5. நான் வாற ஆக்கள் எல்லாருக்கும் இதைச் சொல்லுவன், ஐயாவுக்கும் சொன்னனான், நல்லா நம்பிச் சொன்னனான், இப்பவும் நம்புறன். ஆனால் அதுகள் நீரிழிவு இன்னும் வராத ஆக்களிலை செய்த ஆய்வுகள். 14 வருசம் சீனியோடை, ஒரு காலோடை, வன்னிக் கிரவலிலை நடக்கிற மனுசனுக்கு அதுக்குள்ளை இடம் இல்லை. சீனி 138க்கு வந்தது பொய்யில்லை. காயம் இவ்வளவு கெதியாக் காஞ்சு வாறதுக்கு சீனி குறைஞ்சிருந்ததும் ஒரு காரணம் எண்டு நேர்ஸ் ஒருத்தி சொன்னவ. அதைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நாள் இருந்தன்.

மகளோடை கதைச்சது தான் கஸ்ரம். அவ அழுதுபோட்டு, "நான்தான் தம்பி ஸ்டெப் ஸ்டெப் எண்டு உங்களை நெருக்கினது" எண்டா. இல்லை அக்கா எண்டு சொன்னனான். ஓம் எண்டு சொல்லியிருக்கலாமோ எண்டு ஒரு நேரம் வரும், பிறகு வெக்கமா இருக்கும். அந்த வோச்சுக்குக் கால் எண்டால் என்னெண்டு தெரியாது, கை ஆடினதைத்தான் அது எண்ணுது. காலைப் பாக்கத்தானே நான் போனனான்.

இப்ப ஞாயிற்றுக்கிழமைகளிலை போறன். காசு வாங்கிறேல்ல. டோர்ச் அடிச்சு உள்ளங்கால், மிச்ச மூண்டு விரலின்ரை இடுக்கு, குதி எல்லாம் பாக்கிறன், அம்மாவுக்கும் ஒவ்வொரு இரவும் எப்பிடிப் பாக்கிறதெண்டு பழக்கிக் குடுத்திருக்கிறன். காலைத் தண்ணியிலை ஊற வைக்காதேங்கோ, கழுவி விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கோ, சப்பாத்துப் போட முதல் உள்ளுக்குக் கையை விட்டுத் தடவிப் பாருங்கோ. புண் முற்றாக் காயுமட்டும் காலிலை பாரம் குடுக்கக் கூடாதெண்டு டொக்டர் சொன்னதாலை கதிரையிலை இருந்துகொண்டு தண்ணிப் போத்திலாலை கைப்பயிற்சி மட்டும். ஒவ்வொரு முறையும் கேக்கிறார், "எப்ப தம்பி குளக்கட்டுக்குப் போவம்?" பாப்பம் ஐயா எண்டு சொல்லிப்போட்டு வாறன். திரும்ப நாலு வருசம் அந்தக் கதிரையிலை இருக்க விடுறதும் எனக்குப் பயம்தான். நடக்க வைக்கவும் பயம். மற்ற ஆக்களுக்கு நான் உசாராச் சொல்லுறது அவருக்கு முன்னாலை வாயிலை வருதில்லை.

வோச்சின்ரை கணக்கு இன்னும் என்ரை போனிலை விழுது, நான் நிப்பாட்டேல்ல. ஆஸ்பத்திரியிலை 40, 60 எண்டு இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு 200. போன கிழமை 780. முந்தநாள் 1,350, நேற்று 1,940. போத்தில் தூக்கேக்கை கை ஆடுறதையும் அது எண்ணும், அப்பிடியும் இருக்கலாம் எண்டுதான் முதல் நினைச்சன். திறந்து மணித்தியாலக் கணக்கைப் பாத்தன். ஏறுறது காலமை ஆறரைக்கும் ஏழுக்கும் இடையிலை.

மகளுக்கும் அது விழும், அவ ஒண்டும் கேக்கேல்ல. நானும் கோல் எடுக்கேல்ல. நாளைக்கு ஞாயிறு இல்லை, எண்டாலும் விடிய அஞ்சரைக்கு வெளிக்கிடப்போறன், சொல்லாமல். டோர்ச் சார்ஜிலை கிடக்கு.