புளி போட்டுத் தேய்த்த திசைகாட்டி

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் அண்ணன் போன் செய்து, "தம்பி, பட்டாளத்து ரிவால்வர் சாமான் ஒண்ணு வந்திருக்கு" என்றார். எனக்குத் தயக்கம். எவ்வளவு பழையதாக இருந்தாலும், பழுது பார்த்தால் சுடும் என்ற நிலையில் இருந்தால்கூட 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். இது சுடுமா சுடாதா என்று சொல்ல நான் யார்? போய்ப் பார்த்தால் ரிவால்வர் இல்லை. அதை வைக்கும் தோல் உறை மட்டும்தான், காய்ந்த அப்பளம் மாதிரி விறைத்துக் கிடந்தது. இரண்டாயிரம் சொன்னார். வேண்டாம் என்றேன். அதன் அடியில் ஒரு பித்தளைத் திசைகாட்டி.

போன வருடம் வேறொரு ஊரில் 'லண்டன்' என்று பெயர் வெட்டிய திசைகாட்டியை 1,800 ரூபாய்க்கு வாங்கி ஏமாந்தவன் நான். உத்தரகண்டின் ரூர்க்கியில் இன்றைக்கும் செய்து அனுப்புகிற அலங்காரச் சரக்கு அது. அதனால் இந்த முறை முதலில் திருகாணிகளைப் பார்த்தேன். எல்லாம் ஒற்றைக் கோடு போட்டவை, ஒன்று மட்டும் நட்சத்திரத் தலை. நட்சத்திரத் திருகாணி கடைகளுக்கு வந்ததே 1930களில்தான். ஆக, திசைகாட்டி அதற்கு முந்தையது என்றால் அந்த ஒன்று பின்னால் யாரோ மாட்டியது. மற்றதெல்லாம் அசல்.

மூடியில் 'வெர்னர்ஸ் பேட்டர்ன்' என்று தெரிந்தது, கீழே 1917. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வெர்னர் வடிவமைத்த வகை, முதல் உலகப் போரில் நிறையப் பயன்பட்டது. உள்ளே எண்கள் தலைகீழாகக் கண்ணாடி பிம்பம் போல இருக்கும். பக்கத்திலுள்ள பட்டகத்தின் (முப்பட்டைக் கண்ணாடி) வழியாகப் பார்த்தால் நேராகத் தெரியும். தயாரித்தவர் பெயர் இருந்த இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. "என்னண்ணே இது?" என்றேன். "ஆச்சி வீட்டுக் குத்துவிளக்கோட சேர்த்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சோம், பளபளன்னு இருக்குல்ல?" என்றார் பெருமையாக. நூறு வருடக் கறுப்பும் ஒரு கம்பெனியின் பெயரும் அந்தப் புளித் தண்ணீரோடு போயிருந்தன.

பின்புறம் தப்பியிருந்தது. அங்கே அரசுச் சொத்து என்பதற்கான அகன்ற அம்புக்குறி. அதற்கு எதிரே இன்னொரு அம்பு, முனையோடு முனை முட்டுவது போல. ராணுவம் கழித்து விற்றுவிட்டது என்று அதற்குப் பொருள். ரங்கூனிலோ மோல்மேனிலோ ஏலத்தில் எடுத்து யாரோ ஒரு செட்டியார் கொண்டுவந்திருக்கலாம் என்று மனம் கதை கட்டியது. ஆதாரம் ஏதும் இல்லாததால் கதைக்கு நான் காசு வைக்கவில்லை.

அப்புறம் ஓட்டம், அதாவது ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் வந்து நிற்கிறதா என்று பார்ப்பது. மேசையில் இரும்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொண்டு, பேனாக்கத்தியைக் கிட்டே கொண்டுபோய், எண்கள் போட்ட காந்த வட்டை இழுத்துவிட்டு விலக்கினேன். ஐந்து தடவை. நின்ற இடம் ஒவ்வொரு முறையும் மூன்று, நான்கு பாகை மாறியது. வட்டு உட்காரும் ஊசிமுனை மழுங்கிவிட்டது. தேவகோட்டையில் எனக்குத் தெரிந்த கடிகார மெக்கானிக் தீட்டிக் கொடுத்துவிடுவார்தான், ஆனால் திறக்கவே கூடாது. இருட்டில் தெரிவதற்காகப் பூசியது ரேடியம், கதிர்வீச்சு உள்ள பொருள். பூச்சு இன்று ஒளிராது, ஆனால் ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 1,600 வருடம். உதிர்ந்த தூள் மூச்சோடு போனால் வம்பு. ஆகவே அந்தக் குறை குறையாகவே இருக்கும்.

அண்ணன் சொன்ன விலை 7,500. வெளிநாட்டு ஏல விலையைப் போனில் காட்டினார். அங்கேதான் எனக்கு வாதம் கிடைத்தது. 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய இதைத் தனியார் யாரும் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. லண்டன்காரர் கொடுக்கிற விலை காரைக்குடிக்கு வந்து சேராதபோது அதை எதற்குப் பார்ப்பது? இதே தெருவில் இரண்டு வருடமாக விற்ற தொலைநோக்கி, பட்டாளத்துத் தண்ணீர்க் குடுவை விலைகளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதை வைத்துப் பார்த்தால் நன்றாக ஓடும் திசைகாட்டி 5,000. ஓட்டத்துக்கு 1,200 கழித்தேன், அழிந்த பெயருக்கு 800, திருகாணிக்கு 100. இரட்டை அம்புக்கு 300 கூட்டினேன். 3,200.

"புளிக்கு எண்ணூறு ரூபாயா?" என்று கத்தினார். டீ வந்தது. 3,500க்கு முடிந்தது, அந்த முன்னூறு அவர் முகத்துக்காக.

மறு வாரம் திரும்பப் போனேன். தோல் உறை அலமாரியில் இல்லை. வித்துட்டீங்களா என்று கேட்டேன்.

"எதுக்கு விக்கணும்? கானாடுகாத்தான் பக்கம் ஷூட்டிங். நாளுக்கு ஐந்நூறு வாடகை, இன்னையோட ஆறாவது நாள்."