ஹீரோ எங்கன்னு தேட வச்ச ரெண்டாவது புக்

முதல்லயே சொல்லிடறேன், கதை ஃபுல்லா வெளிய வந்துரும். 1971ல வந்த புக்குக்கு என்ன ஸ்பாய்லர்னு கேக்காதீங்க, நானே போன வாரம்தான் படிச்சேன்.

புக்கு பேரு தி டூம்ஸ் ஆஃப் அடுவான், அதாவது அடுவான்ங்கற இடத்துக் கல்லறைங்க, உர்சுலா லெ க்வின் எழுதுன எர்த்ஸீ சீரிஸ்ல ரெண்டாவது. முதல் புக்குல கெட்னு ஒரு ஆடு மேய்க்கற பையன் (தமிழ்ல எழுதுனா கெட்டுப்போன பையன் மாதிரி இருக்கு, என்ன பண்றது) மந்திரம் கத்துக்கப் போயி, திமிர்ல ஒரு நிழலைக் கிளப்பி விட்டுட்டு, அப்புறம் அதோட மல்லுக்கட்டி கடல் கடலா சுத்துவான். அக்கா பொண்ணு எட்டாவது படிக்கறா, அதை ரெண்டே நாள்ல முடிச்சுட்டு அடுத்தது வேணும்னு உயிரை எடுத்தா, நானும் இங்க பெங்களூர் சர்ச் ஸ்ட்ரீட் போயி பழைய புக்கெல்லாம் கிளறி, தும்மித் தும்மி ஒரு காப்பி தேடிக் குடுத்தேன். மூணாம் நாள் போன்.

"சித்தி, கெட்டே வரல. தப்பான புக்கு வாங்கிட்டியா?"

தப்பான புக்கு இல்ல. மொத்தம் 12 அத்தியாயம், அய்யா என்ட்ரி குடுக்கறதே அஞ்சாவதுலதான். நம்ம ஊர்ல ஒரு படத்தோட ரெண்டாவது பார்ட்ல இடைவேளை வரைக்கும் ஹீரோவைக் காட்டாம இருந்தா தியேட்டர்ல சீட்டு மிஞ்சுமா? "எனக்கு வேணாம், நீயே படி"ன்னு திருப்பிக் குடுத்துட்டா. அப்படித்தான் அது என் கைக்கு வந்துச்சு.

கதை வேற நாட்டுல, வேற ஆளுங்க கிட்ட ஆரம்பிக்குது. ஒரு பெரிய பூசாரிணி செத்த ராத்திரி பொறந்த பொண்ணு யாருன்னு ஊர் ஊரா தேடி, டெனார்ங்கற குழந்தையைக் கண்டுபிடிச்சு, அஞ்சு வயசுல கூட்டிட்டுப் போயிடறாங்க. செத்தவளே திரும்பப் பொறந்திருக்கான்னு நம்பிக்கை. அவ பேரை எடுத்துடறாங்க, இனிமே அவ அர்ஹா, அப்படின்னா விழுங்கப்பட்டவள். முதல் சீன்லயே அவ ஆப்பிள் தோட்டத்துல ஓடிட்டு இருப்பா, அம்மா கூப்புடுவா, அப்பா மட்டும் வாசல்ல நின்னு, போகப்போற பொண்ணு மேல ஏன் இவ்ளோ பாசம் வைக்கறேன்னு பொண்டாட்டியைக் கேப்பாரு. எனக்கு அங்கயே தொண்டை அடைச்சுக்கிச்சு. பொட்டு கட்டி கோயிலுக்கு விடறதைப் பத்தி வீட்டுல பாட்டி பாதி சொல்லி பாதி முழுங்குவாங்கல்ல, அது ஞாபகம் வந்துச்சு. மெட்ராஸ்ல அதைத் தடுக்க 1947ல சட்டம் போட்டாங்க, இங்க கர்நாடகால தனியா ஒண்ணு 1982ல. இதெல்லாம் ஃபேன்டஸி இல்லடா சாமின்னு தோணுச்சு.

அவ பூசாரிணியா இருக்கற கோயில் கல்லறைங்களுக்கு அடியில ஒரு பெரிய குகை, அங்க வெளிச்சமே கூடாது, அதைத் தாண்டி ஒரு புதிர்ப்பாதை. அர்ஹா அதையெல்லாம் கையாலதான் கத்துக்கறா. எத்தனை வாசல் விட்டு எந்தப் பக்கம் திரும்பணும்னு தார்ங்கற வயசான பூசாரிணி சொல்லச் சொல்ல மனப்பாடம் பண்ணிக்கறா. நான் இதை மெட்ரோ வண்டி மெஜஸ்டிக்ல பூமிக்குள்ள இறங்கும்போது படிச்சேன்னு எழுதுனா சூப்பரா இருக்கும், ஆனா உண்மையில இந்திராநகர்கிட்ட நல்ல வெயில்ல, ஒருத்தரோட லேப்டாப் பேக் முதுகுல குத்திட்டு இருக்கும்போதுதான் படிச்சேன்.

அன்னிக்கு ராத்திரி மழை, கரண்ட் போச்சு, யூபிஎஸ்ஸும் கொஞ்ச நேரத்துல கீ கீன்னு கத்திட்டு செத்துப்போச்சு. டார்ச் போடாம கிச்சன் வரைக்கும் போய்ப் பாப்போமேன்னு கிளம்பிட்டேன். சுவத்துல கை வச்சா சுவிட்ச் போர்டு, அப்புறம் கதவு நிலை, அப்புறம் போன வருஷ காலண்டரோட ஆணி, அப்புறம் சில்லுனு டைல்ஸ். நாலு வருஷமா இருக்கற வீடு. தண்ணி குடிக்கலாம்னு போய் பாத்ரூம்ல நின்னேன்.

சரி, அஞ்சாவது அத்தியாயம். அவ ஒருநாள் அந்தக் குகைக்குள்ள வர்றா, உள்ள வெளிச்சம். யாரோ ஒருத்தன் மந்திரக்கோல் நுனியில ஒளியை ஏத்திட்டு நிக்கறான். சுவரெல்லாம் ஸ்படிகம், பளபளன்னு. அவ்ளோ நாளா தடவித் தடவி நடந்த இடம், அவளோட சொந்த இடம், அது எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் முதல் தடவையா பாக்கறா, அதுவும் திருட வந்தவன் வெளிச்சத்துல. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம், யார்றா நீ, வெளக்கை அணைடான்னு. அப்புறம்தான் உறைச்சுது, அது கெட். முதல் புக்கு முழுக்க எவனுக்காக நகத்தைக் கடிச்சேனோ அவனை இப்ப நான் கல்லறைப் பக்கம் நின்னு திட்டிட்டு இருக்கேன். நாலு அத்தியாயமா அவனைக் காட்டாம வச்சிருந்தது இதுக்குத்தான். அந்த இருட்டு நமக்கே பழகி நம்ம வீடு மாதிரி ஆகணும், அப்பதான் வெளிச்சம் அத்துமீறலா தெரியும்.

இன்னொண்ணு, டெனாரோட ஆளுங்க வெள்ளைத்தோல், கெட் நல்ல மாநிறம். கதைல அது பெரிய விஷயமாவே வராது, ஆனா "பொண்ணு கலரா?"ன்னு கேக்கற குடும்பத்துல வளந்த எனக்கு அது கண்ணுல பட்டுட்டே இருந்துச்சு. 2004ல டிவி சீரிஸா எடுத்தப்போ வெள்ளைக்கார நடிகரை கெட்டா போட்டாங்க, லெ க்வின் அதைக் கண்டிச்சு கட்டுரையே எழுதினாங்க.

கொசில்னு இன்னொரு பூசாரிணி வருவா, சரியான வில்லி. அவ அந்தக் குகைக்குள்ள விளக்கோட போயி குழி தோண்டிப் பாக்கற சீன்தான் எனக்கு பயங்கரம். ஊருக்கெல்லாம் சாமி கண்ணைக் குத்தும்னு சொல்றவளுக்கே சாமி மேல துளி நம்பிக்கை இல்ல. இப்படி ஒருத்தரை நம்ம எல்லாருக்கும் தெரியும், விடுங்க.

குறையும் இருக்கு. கடைசில ரெண்டு பேரும் சேந்து அங்கேருந்து தப்பிச்சு வெளிய வரும்போது, இடிஞ்சு விழப்போற பூமியை கெட் மந்திரத்தால தாங்குவான், வழி காட்டுறது டெனார். ரெண்டு பேர்ல ஒருத்தர் இல்லன்னா இன்னொருத்தர் காலி. அவ்ளோ பண்ண பொண்ணு கடைசில குழந்தை மாதிரி அவன் கையைப் பிடிச்சுட்டு ஊருக்குள்ள நடந்து போறா. எனக்கு ஒப்பல. அதுக்கு முன்னாடி, விடுதலை கெடைச்ச அப்புறம், வீணாப்போன வருஷத்தையெல்லாம் நெனச்சு அவ அழுவா, அந்த இடத்தோட முடிச்சிருக்கலாம்.

அக்கா பொண்ணு கிட்ட இதெல்லாம் கத்தி சண்டை போட்டு திரும்பப் படிக்க வச்சேன். படிச்சுட்டா. படிச்சதும் மூணாவதையும், 1972ல வந்தது, போன்லயே டவுன்லோடு பண்ணி ஆரம்பிச்சுட்டா. நேத்து ராத்திரி பதினொரு மணிக்கு கால்.

"சித்தி, இதுல கெட் முதல் பக்கத்துல இருந்தே இருக்கான்."

"அதானே கேட்ட?"

"டெனார் எங்க சித்தி?"

அவ நாலாவதுலதான் வருவா, அது வந்தது 1990லன்னு சொன்னேன். 18 வருஷமான்னு கேட்டுட்டு போனை வச்சுட்டா.