மேப்பில் இல்லாத மாப்பிள்ளை வீடு

சித்தப்பா முடிச்சூர்ப் பக்கம் அரை கிரவுண்டில் வீடு கட்டிக் குடியேறிய கையோடு மகனுக்கு வரன் தேடினார். பேராவூரணியில் ஒரு இடம் பொருந்தி வந்தது. முகவரி அனுப்பினோம். மறுநாளே பெண்ணின் மாமா போன் செய்தார்.

"சொந்த வீடுன்னு சொன்னீங்க. மேப்புல பாத்தா ஒரே பொட்டலா இருக்கு. எருமை மாதிரி வேற ஏதோ நிக்குது."

சித்தப்பா முகம் போன போக்கைப் பார்க்கணும். அது பழைய படம் என்று நான் சொன்னேன். "கீழே இந்த வருஷம் போட்டிருக்கே?" என்றார் பெண்ணின் மாமா. அது பதிப்புரிமை வருஷம், படம் எடுத்த நாள் இல்லை என்றால் நம்பவில்லை. சித்தி போனைப் பிடுங்கினார். "ஜாதகத்துக்குப் பிறந்த நேரத்தை நிமிஷ சுத்தமா கேட்டீங்களே அண்ணே, இந்தப் படம் என்னிக்குப் பிறந்துச்சுன்னு கேட்டீங்களா?"

நியாயமான கேள்விதான். மேப்பில் தெரிவது வெவ்வேறு நாளில் எடுத்த துண்டுகளை ஒட்டிய படம். எங்கள் தெரு ஒரு வருஷம், பக்கத்துத் தெரு இன்னொரு வருஷம். ஒட்டிய இடத்தில் சாலை பாதி தார், பாதி மண். கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்தால் படம் எடுத்த தேதி தெரியும், பழைய படங்களையும் வரிசையாகப் பார்க்கலாம்.

சித்தப்பாவுக்கு அதெல்லாம் வேண்டாம். "புதுசா எடுக்குற சாட்டிலைட்டே இல்லையாடா?"

இருக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 சில நாளுக்கு ஒரு தடவை வந்து எடுக்கிறது, படமும் இலவசம். ஆனால் அதில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். 1,200 சதுர அடி வீடு ஏறக்குறைய ஒரே புள்ளி. காட்டினேன்.

"இருபது வருஷம் டியூ கட்டப்போற வீடுடா இது!"

கடைசியில் வீட்டு வரி ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பி மானத்தைக் காப்பாற்றினார். அப்புறம் சும்மா இருப்பாரா? பெண் வீட்டை அதே மேப்பில் தேடினார். கொல்லையில் வரிசை வரிசையாகத் தென்னை. அம்மன் முன்னால் பூ போட்டுப் பார்க்கவே தேவையில்லை என்று முடிவானது.

பெண் பார்க்கப் போனோம். பஜ்ஜி சாப்பிட்ட கையோடு சித்தப்பா கொல்லைப்பக்கம் நடந்தார். இடுப்பளவுக் கன்றுகள்தான் நின்றன.

"2018 நவம்பர்ல கஜா அடிச்சதுல அத்தனையும் சாஞ்சிருச்சுங்க. மேப்புல இன்னுமா நிக்குது?" என்றார் மாமா.

சித்தி என்னை முறைத்தார். கல்யாணச் சமையலுக்கு இங்கிருந்தே தேங்காய் இறக்கிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டு வந்தவர் அவர்.