விரிஞ்சிபுரத்தில் அம்மாவின் சாமி

அம்மாவின் திதி கார்த்திகையில் வரும். வீட்டில் திதி கொடுத்துவிட்டு மறுநாள் விரிஞ்சிபுரம் போய் மார்க்கபந்தீஸ்வரரைச் சேவித்துவிட்டு வருவது எங்கள் வழக்கம். இந்த வருடம் தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் பக்கத்து வீட்டு அத்தையும் கிளம்பினோம். அத்தை ரத்த உறவு இல்லை. ஆனால் சொந்த நாத்தனார்களைவிட அம்மாவோடு அதிக நாள் இருந்தவர்.

வேலூரிலிருந்து மேற்கே சுமார் 14 கிலோமீட்டர். செதுவாலையில் இறங்கி ஆட்டோ பிடித்தால் ராஜகோபுரத்து வாசலிலேயே விட்டுவிடுவார்கள். ‘திருவாரூர் தேரழகு, திருவிரிஞ்சை மதிலழகு’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த மதிலைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு உள்ளே போங்கள். அம்மா அப்படித்தான் போவார்.

அம்மா பிறந்தது ரங்கூனில். 1962-ல் பர்மாவில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, கடைகளையும் கம்பெனிகளையும் அரசுடைமை ஆக்கத் தொடங்கியதும் தமிழர்கள் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது தாத்தாவின் சேமிப்பு முழுக்கப் போயிற்று. அடுத்த வருடம் தாத்தாவும் அம்மாவும் கப்பல் ஏறினார்கள். ரங்கூனில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அம்மா. இங்கே அந்த அனுபவம் கணக்கில் வரவில்லை. மறுபடி ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலூரில் வாக்கப்பட்டு, ஓர் ஆரம்பப் பள்ளியில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை ஒன்றாம் வகுப்பையே விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கல்யாணமான புதிதில் அப்பா வேலூர்க் கோட்டைக்கு அழைத்துப் போனாராம். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் தூணுக்குத் தூண் குதிரையும் யாளியும் பாய்கின்றன. கருவறையிலோ சாமி இல்லை. வழிபாடு நின்று சுமார் 400 ஆண்டுகள் ஆகியிருந்தன. லிங்கம் சத்துவாச்சாரியில் இருந்தது. 1981 மார்ச் 16-ல் அதை லாரியில் மறைத்து எடுத்துவந்து கோட்டைக்குள் பிரதிஷ்டை செய்தார்கள். செய்தி கேட்டு அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாராம். “சாமியும் வீட்டுக்குத் திரும்பிட்டாருன்னு சொல்லிச் சொல்லி அழுதா உங்கம்மா” என்று அத்தை இப்போதும் சொல்வார்.

அதே கோட்டையில்தான் கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை ஆங்கிலேயர் சிறைவைத்தார்கள். 1832-ல் வேலூரிலேயே அவர் காலமானார். பாலாற்றங்கரையில் சமாதி இருக்கிறது. பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் அங்கே சிறையிருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தையும் இந்த அரசரையும் பற்றிச் சொல்லாமல் அம்மா திரும்பியதில்லை.

ஆனாலும் அம்மாவின் சாமி விரிஞ்சிபுரத்துச் சாமிதான். மார்க்கபந்தீஸ்வரர் என்றால் வழித்துணைநாதர். மிளகு மூட்டைகளோடு காஞ்சிபுரம் போகிற வியாபாரி ஒருவன், வழியில் கள்ளர் பயம் என்று கேட்டு நடுங்கி, இங்கே ஈசனை வேண்டிக்கொள்கிறான். குதிரை வீரன் ஒருவன் காவலுக்கு வருகிறான். காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்தவர் யார் என்று தெரிகிறது. இந்தக் கதையை எங்களுக்குச் சொல்லும்போது அம்மா கப்பலுக்குப் போய்விடுவார். கடல் புரட்டி எடுத்த ராத்திரியில், வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டு கிடந்தவருக்கு, பக்கத்தில் படுத்திருந்த முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் விடியவிடியத் தண்ணீர் கொடுத்தாராம். சென்னையில் இறங்கித் தேடினால் ஆளைக் காணோம். “குதிரை மட்டுந்தான் இல்ல” என்பார் அம்மா. அதை அவர் முழுமனதாக நம்பினார். நானும் நம்புகிறேன்.

சந்நிதியில் லிங்கம் சற்றே சாய்ந்திருப்பதைக் கவனித்துப் பாருங்கள். பிரம்மன் சிவசர்மன் என்ற சிறுவனாகப் பிறந்து பூஜை செய்ய வந்தபோது, திருமுடி எட்டவில்லை என்று அழ, ஈசனே தலையைச் சாய்த்துக் கொடுத்தார் என்பது தலபுராணம். பள்ளிக்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்தி அம்மாவை யாரும் பார்த்ததில்லை. தரையில் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொன்றின் கையாகப் பிடித்து எழுத வைப்பார். புடவை முழுக்க பல்பக் கறை.

தெற்குப் பிராகாரத்தில் நேரம் காட்டும் கல் இருக்கிறது. அரைவட்டமாகக் கோடு கிழித்து எண்கள் செதுக்கியிருக்கிறார்கள். மேலே உள்ள பள்ளத்தில் ஒரு குச்சியை வைத்தால் நிழல் விழுகிற எண்தான் மணி. அத்தை கீழே கிடந்த ஈர்க்குச்சியை ஒடித்து வைத்தார். நிழல் ஒன்பதைத் தாண்டிப் பத்தை நெருங்கியிருந்தது. என் போனிலும் கிட்டத்தட்ட அதே நேரம். இதே கல்லின் முன் என்னை நிறுத்தி அம்மா நடத்திய பாடம் நினைவுக்கு வந்தது. இந்திய நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. நாம் இருப்பது 79 டிகிரியில். டிகிரிக்கு நாலு நிமிடம் என்றால் நம் சூரியன் கடிகாரத்துக்கு 14 நிமிடம் பின்னால் வர வேண்டும். ஆனால் பூமியின் ஓட்டமும் சாய்வும் சேர்ந்து அதை மாற்றும். மாசியில் வந்தால் அரைமணிக்குக் கிட்டப் பின்தங்கும், கார்த்திகையில் ஏறக்குறைய ஒத்துப்போகும். இத்தனையும் சொல்லிவிட்டு அதே மூச்சில் மரகதாம்பிகை சந்நிதிக்குப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொள்வார். கணக்கும் கடவுளும் அவருக்குள் ஒருநாளும் சண்டை போட்டதில்லை.

நாங்கள் போனபோது கடை ஞாயிறுக்குச் சவுக்குக் கட்டைகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். கார்த்திகைக் கடைசி ஞாயிறுக்கு முந்தின நள்ளிரவில் சிம்ம தீர்த்தம் திறக்கும். சிங்கத்தின் வாய் வழியாக இறங்குகிற தீர்த்தம் அது. பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் குளித்துவிட்டு ஈரப்புடவையோடு பிராகாரத்திலேயே படுப்பார்கள். கனவில் ஈசன் வந்து பழமோ பூவோ கொடுத்தால் குழந்தை நிச்சயம் என்பது நம்பிக்கை. அம்மாவும் அப்படிப் படுத்தவர். அப்போது அத்தைதான் துணைக்குப் போனார்.

“இன்னாடி கனவு வந்துதுன்னு காலையில கேட்டேன். ஒண்ணும் வரலக்கா, நல்லாத் தூங்கினேன், ரங்கூன விட்டு வந்த பொறவு இப்படித் தூங்கினதே இல்லன்னா. அடுத்த வருசம் நீ பொறந்துட்ட.”

பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். ஆயாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையானபோது எனக்கு விவரம் தெரியும் வயது. விடியற்காலையில் எழுந்து ஆயாவைத் துடைத்து, புடவை மாற்றி, கஞ்சி ஊட்டிவிட்டுத்தான் அம்மா பள்ளிக்குப் போவார். மதியம் சாப்பாட்டு இடைவேளையில் ஓடிவந்து ஒருக்களித்துப் படுக்க வைப்பார். ராத்திரியிலும் அலாரம் வைத்து எழுந்து புரட்டிப் போடுவார். அருணகிரிநாதர் விரிஞ்சைக்குப் பாடிய திருப்புகழ் அம்மாவுக்கு மனப்பாடம். முதுகுக்குப் பவுடர் போடும்போது அதை முணுமுணுப்பார். கையும் சந்தமும் சேர்ந்தே ஓடும். அத்தனை வருடப் படுக்கையில் ஆயாவுக்குப் படுக்கைப்புண் வரவில்லை. இதை நான் பெருமையாகவே எழுதுகிறேன். நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆயா போன பிறகு அந்த அறை சும்மா இருக்கவில்லை. எங்கள் வீடு தோட்டப்பாளையத்தில். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிறவர்கள் சூட்கேஸும் ஸ்கேன் கவருமாகத் தெருவில் அறை தேடி அலைவார்கள். பாஷை தெரியாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று அம்மாவுக்குத் தெரியும். தங்க இடம் கொடுத்தார். அவர்கள் கையில் இருப்பதைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், கொடுக்காவிட்டால் கேட்கமாட்டார். வங்காளி நாலு வார்த்தை கற்றுக்கொண்டார். பத்தியம் இல்லாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் கிடைக்கும். பர்மாவிலிருந்து அவர் கொண்டுவந்த கைப்பக்குவம்.

அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அத்தைதான் சொன்னார்: “சாமி பேருக்கே பண்ணிடுங்க குருக்களே.” தீபாராதனையில் அந்தச் சாய்ந்த திருமேனி ஒளிர, “அம்மாவுக்கும் துணையா இரு” என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது தம்பி மனைவி போன் செய்தாள். “அண்ணி, வங்காளத்துல மால்டாவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கு. பாட்டிக்குக் காலையில ரத்தப் பரிசோதனை முடிஞ்சிருக்கு, இன்னும் ஒண்ணும் சாப்பிடல. வரும்போது பால் ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வாங்க.” அத்தை அதற்குள் ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தியிருந்தார்.